ஆபீசரின் எச்சிலும் ஒரு சிட்டிகை உப்பும்

பிடிவாதம் நல்ல குணம்தான், எதிரில் மேலதிகாரி உட்கார்ந்திருக்காதவரை. எனக்கோ அது பிறவிக் கோளாறு.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் தற்காலிக அறிவியல் டீச்சராக இருந்தேன். சேலத்திலிருந்து வரும் ஆய்வு அதிகாரி தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கிளியூருக்குத் திரும்பி, அப்பாவோடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வேண்டியதுதான். அவர் வந்த அன்றாவது சாதாரணப் பாடம் எடுத்தேனா? (அதுதான் இல்லை!) உப்பு நம் எச்சிலை எப்படி முடுக்கிவிடுகிறது என்று ஆய்வகத்தில் செய்து காட்டக் கிளம்பினேன்.

கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாகும். எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்தால் நீலம் மறையும். துளி உப்பு சேர்ந்தால் நொதி வேண்டிய அளவு நெளிந்து கொடுத்து வேகமாக உடைக்கும். விடுதிச் சமையல்கார ரோசக்காவிடம் உப்பில்லாக் கஞ்சி கேட்டு வாங்கினேன். என் எச்சிலை (வேறு யாருடையது? பொறுங்கள்) காய்ச்சி வடித்த நீர் நிறைய விட்டுக் கரைத்து, அயோடினால் நீலமாக்கிய இரண்டு குழாய்க் கஞ்சியிலும் விட்டேன். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு.

இரண்டிலும் நீலம் ஒன்றாக மறைந்தது.

"உப்பு போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதானுங்களே?" என்றார் அதிகாரி.

"இன்னொருக்கா பாருங்க சார்!" இம்முறை வித்தியாசம் தெரியட்டும் என்று ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டேன். அளவு மிஞ்சினால் அதே நொதி விறைத்துப்போகும் என்பது ஆத்திரத்தில் மறந்துவிட்டது. உப்புக் குழாய் மட்டும் நீலமாகவே நின்றது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் போயிருமுங்க டீச்சர்."

வேறு வழியில்லாமல் பாத்திரத்தில் மீதியிருந்த கஞ்சியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கரித்தது! வாசலில் நின்ற ரோசக்காவை முறைத்தேன்.

"உப்பில்லாக் கஞ்சி சீக்காளிக்குத்தான் ஆவும் கண்ணு. நீயே நொம்ப எளைச்சுக் கெடக்கறே, நாந்தான் கல்லுப்பு போட்டேன்" என்றார் அவர், வாஞ்சையாக.

அரிசி மாவைக் கரைத்து நானே புதிதாகக் காய்ச்சினேன். ஆனால் துப்பித் துப்பி வாய் வறண்டிருந்தது. தலைமையாசிரியை மதரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த சிலுவையைப் பார்க்கத் தொடங்கினார்.

சோதனைக் குழாயை அதிகாரியிடம் நீட்டினேன். "சார், கொஞ்சம் துப்புங்க."

நான் வழிமறித்து நின்றதால் அவருக்கு வேறு போக்கில்லை. துப்பினார். அதையும் நீரில் கரைத்து, புதுக் கஞ்சிக் குழாய் இரண்டிலும் விட்டேன். உப்புக் குழாயில் நீலம் மளமளவென்று மறைந்தது, மற்றது அப்படியே இருந்தது. பஸ்ஸும் போய்விட்டது.

"இந்தப் புள்ளைய நிரந்தரமாக்கிருங்க மதர்" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே. "இல்லாட்டி அடுத்த வருசமும் துப்பச் சொல்லும்."

சம்பள நாளில் என் கணவர், "ஆபீசர் துப்பிக் குடுத்த சோறு" என்று சொல்லாமல் இலையில் கை வைத்ததில்லை. நேற்று பென்ஷன் வந்தது. பேத்தி கேட்கிறாள்: "இன்னுமா பாட்டி அந்த ஆபீசர் தாத்தாவுக்கு எச்சில் ஊறுது?"