ஒன்றாம் செயலியின் மந்தம்

உலகில் சமத்துவம் முழுமையாக மலர்ந்த ஒரே இடம் எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தின் கணினி அறைதான். இயக்குநரின் எதிரே உட்கார்ந்து இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னால் குரலே கேலியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரு பெரிய எண் கட்டமாக்கி, கணக்குப்போடும் பதினாறு கணினிச் செயலிகளுக்குப் பங்கிடுவது என் வேலை. கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யங்கள். அவற்றில் கணக்குப்போட ஒன்றுமில்லை. மற்ற எண்களெல்லாம் முதல் சில ஆயிரம் வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பூஜ்யங்களை விட்டுவிட்டு, மிச்சத்தைப் பங்கிடலாம் என்றேன்.

"பூஜ்யம் என்னம்மா பாவம் பண்ணிச்சு?" என்றார் இயக்குநர். "வரிசையை எண்ணிச் சரிசமமாக் குடுங்க. யாருக்கும் ஒண்ணுகூட அதிகம் போகக்கூடாது."

எண்ணிக் கொடுத்தேன். பதினைந்து செயலிகள் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தன. எண்கள் இருந்த வரிசைகள் மொத்தமும் தலையில் விழுந்த முதல் செயலி ஒன்பது மணி நேரம் தனியாகத் திணறியது. எச்சரிக்கை வெளியானபோது ஆற்றோரத் தெருவில் மார்பளவு தண்ணீர். தையல் மிஷினை எடுக்க உள்ளே போன ஒருவர் வெளியே வரவில்லை.

இப்போது விசாரணை அறிக்கை தயார். பதினைந்து செயலிகளுக்கும் "முன்கூட்டியே பணி முடித்தமைக்காக" பாராட்டு. ஒன்றாம் செயலிக்கு "மந்தம்". விளக்கம் கேட்டு மெமோகூடக் கொடுத்திருந்தார்கள். ஏழு நாட்களில் பதில் வராததால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டது.

"கையெழுத்துப் போடுங்க. அதைக் கழட்டிடலாம்."

"அதோட வேலை யாருக்கு சார் போகும்?"

"ரெண்டாம் நம்பருக்கு. அதான் படு சுறுசுறுப்பாச்சே!"

"வியாழக்கிழமை மறுபடி பெருமழை சார். பங்கீட்டை மாத்தினா நாற்பது நிமிஷத்துல முடியும். ஜனங்க வெளியேற நேரம் கிடைக்கும்."

"மாத்தினா, முன்னாடி தப்பாப் பண்ணோம்னு ஆயிடுமேம்மா."

எவ்வளவு தெளிவான மனிதர்! எனக்குத்தான் தெளிவில்லை. தப்பென்று தெரிந்தே, மறு வார்த்தை பேசாமல் வரிசை எண்ணியவை என் விரல்கள். அதற்கு எனக்கு இன்னும் மெமோ வரவில்லை.

பேனாவை நீட்டினார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு வேலை செஞ்சது அது ஒண்ணுதான் சார். அதும்மேல பழி போட நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்த இடத்துல நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதிக் கொண்டாங்க, போடறேன்."