பனிமலைக் கீரையும் பன்றி வறுவலும்

நான் என்ன மாடா? நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் ரெக்ராத் கீரைதான். வயலில் தானாக முளைக்கிற காட்டுக்கீரை. பச்சையாகக் கிள்ளி, வெந்த உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து, அதன் தலையில் வினிகரை ஊற்றி, "ரத்தம் சுத்தமாகும், சாப்பிடுங்க" என்று நீட்டுவாள் என் மனைவி ஸ்லாவ்கா. மூன்று மாதமாகச் சுத்தமாகிறது. இனிச் சுத்தம் செய்ய ரத்தம் மிச்சமில்லை.

ஆனாலும் கடவுள் இருக்கிறார். மே மாதக் கடைசியில் கீரை மஞ்சளாகப் பூத்துவிட்டது. பூத்த ரெக்ராத்தை எங்கள் போஹின் மலைப்பக்கத்தில் எவனும் தொடமாட்டான், அவ்வளவு கசப்பு. நான் வயலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டேன். திரும்பினால் ஸ்லாவ்கா கூடையோடு நிற்கிறாள்.

"ஏங்க, மலைமேல இப்பத்தான் பனி உருகுது. பனி விலகுற ஓரத்துல இளசா முளைச்சிருக்கும். நாளைக்குப் போய்ப் பறிச்சிட்டு வாங்க."

"அடியே, அது செங்குத்துப் பாதைடி! சரிவு பூரா பனி! குளிர்காலத்துக்கப்புறம் ஒரு ஈ காக்கா ஏறல!"

"நூறு கிலோ இருக்கீங்க. காத்துல பறந்துடவா போறீங்க?"

"சரி, கீரை கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா என்ன பண்றது? சாயங்காலம் பன்றி வறுவல்தான்."

பன்றி வறுவல்! எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கூடையை வாங்கிக்கொண்டேன். செத்தாலும் சரி, வெறுங்கையோடுதான் திரும்புவேன் என்று அங்கேயே சபதம் செய்தேன்.

மறுநாள் ஏறினேன். அதை ஏறினேன் என்றா சொல்வது? பாதை சுவரில் சாத்திய ஏணி மாதிரி நிற்கிறது. பாதி உயரத்தில் பனிச்சரிவு ஆரம்பம். கல்லாக இறுகிய பழைய பனி. பூட்ஸ் முனையால் உதைத்து உதைத்துப் படி வெட்டி, அதில் ஏறி நின்று, அடுத்ததை உதைக்க வேண்டும். ஓர் உதைக்கு ஒரு வசவு. பனியைத் திட்டினேன், கீரையைத் திட்டினேன், கீரை தின்னலாம் என்று முதலில் கண்டுபிடித்த முட்டாளைப் பெயர் தெரியாததால் பொதுவாகத் திட்டினேன்.

மேலே மலைவிடுதி பூட்டிக் கிடந்தது. அதன் வாசலிலேயே, பனி உருகிய ஈர மண்ணில், வெளிர்பச்சையாக, கொழுகொழுவென்று கொட்டிக் கிடக்கிறது ரெக்ராத்! என்ன திமிர் அதற்கு! ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. வெயில் பக்கத்துப் பெஞ்சில் படுத்து, வறுவலை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே வறுவல் வாசனை. காலிக் கூடையைத் தொப்பென்று போட்டேன்.

"ஒரு இலை இல்ல ஸ்லாவ்கா! இடுப்பளவு பனி!"

"அச்சச்சோ! விடுதி பக்கத்துலயுமா?"

"விடுதியே தெரியல! புகைக்கூண்டு மட்டும்தான் வெளிய நீட்டிட்டிருக்கு!"

"பெஞ்சு?"

"எந்தப் பெஞ்சு?"

"நீங்க வாயைப் பொளந்துட்டுத் தூங்கினீங்களே, அது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் அக்கா வில்மா என் நாற்காலியில் உட்கார்ந்து வறுவலை வெட்டிக்கொண்டிருந்தாள். மேஜை நடுவில் அண்டா நிறைய ரெக்ராத்.

"பின்னாடியேதான் வந்தோம், மாப்ள," என்றாள் வில்மா. "என்ன படி! என்ன படி! ஒவ்வொண்ணுலயும் ரெண்டு காலையும் சேர்த்து வெக்கலாம். மாடிப்படி ஏறுற மாதிரி வந்துட்டோம். இறங்கினதும் நேரா என் கார்ல வீடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப என்னைக் கீரைக்கு அனுப்பலையா?"

"உங்களை நம்பி யாராவது கீரைக்கு அனுப்புவாங்களா?" என்றாள் ஸ்லாவ்கா. "பனியில முதல்ல போறவங்கதானே படி உதைக்கணும்? அக்காவுக்கு முட்டிவலி, பாவம்."

"சரி போகட்டும். எனக்கு வறுவல்?"

"கீரை கிடைக்கலேன்னாதானேங்க வறுவல்? அதான் கிடைச்சிடுச்சே." அண்டாவை என் பக்கம் நகர்த்தினாள். "நல்லா சாப்பிட்டுத் தெம்பா இருங்க. அடுத்த வாரம் இன்னும் மேல போறோம், அங்க பனி நிஜமாவே இடுப்பளவாம்."