என் பிள்ளைக்கு நான்தான் தகப்பன்

பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் நான்தான் என்று நிரூபிக்கச் சொன்னால் எந்த மனிதனுக்கும் கோபம் வரும். அதையும் ஈர நீச்சல் காற்சட்டையோடு, கரையில் இருந்த இத்தாலியர் எல்லாரும் பார்த்திருக்க நிரூபிக்கச் சொன்னால்? அன்றைக்கு நான் போட்ட சத்தம் நியாயமான சத்தம். வீட்டில் ஒருவரும் இதை ஏற்றுக்கொள்வதாக இல்லை.

அப்போது எங்கள் மகள் அனீற்றாவுக்கு ஆறு வயது. நான் வேலை செய்த வீட்டு சிஞ்ஞோரா, பகேரியாவுக்கு அப்பால் கடலோரத்தில் இருந்த குடும்ப விடுமுறை முகாம் ஒன்றுக்கு ஒருநாள் அனுமதிச்சீட்டுகள் தந்தார். (முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு அகதி முகாம்தான் நினைவுக்கு வரும். இவர்களோ காசு கட்டிக் குடும்பத்தோடு போய் இருக்கிறார்கள்!) பலெர்மோவில் நாங்கள் இருந்த சீசா பகுதியில் பஸ் ஏறி, ரயில் மாறி, பிறகு இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். நான் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாகப் போனேன்.

“கடலுக்கு ஆரும் சப்பாத்துப் போடுவினமோ?” என்று கேட்டாள் என் மனைவி ஜெசிந்தா.

“சிஞ்ஞோராவின்ரை மரியாதை என்னாவது?” என்றேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

வாசலில் எங்கள் கைகளில் செம்மஞ்சள் பட்டி கட்டினார்கள். செம்மஞ்சள் என்றால் பகல் விருந்தாளி. இரவு நிகழ்ச்சி தொடங்குமுன் வெளியேறிவிட வேண்டும். ஜெசிந்தா பிள்ளையைக் கூட்டிப்போய், சிறுவர்களுக்கு விளையாட்டுக் காட்டும் மினி கிளப்பில் பதிந்துவிட்டு வந்தாள். நான் முழங்கால் அளவுத் தண்ணீரில் நீந்துவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் கரையேறியபோது ஜெசிந்தா பையோடு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். “கடைசி பஸ் வரப்போகுது. நான் போய் மறிச்சு வைக்கிறன். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடி வாங்கோ!”

என் உடுப்பும் கைத்தொலைபேசியும் அந்தப் பைக்குள் போகின்றன என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மினி கிளப் கூடார வாசலில் மீன் தொப்பி போட்ட இளம்பெண் ஒருத்தி நின்றாள். “நான் அனீற்றாவின் தகப்பன்,” என்றேன்.

“ரகசியச் சொல்?” என்று இத்தாலியனில் கேட்டாள்.

“என்ன ரகசியச் சொல்?”

காலையில் தாயும் மகளுமாக ஒரு சொல்லைக் கொடுத்தார்களாம். அதைச் சொல்பவரிடம்தான் பிள்ளையை ஒப்படைப்பார்களாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை!

“அனீற்றா, வாம்மா, பஸ் போகப்போகுது!”

அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தலையைச் சுற்றிக் கடதாசி வால்கள் தொங்கின. இரவு நிகழ்ச்சியில் அவள் ஜெலிமீனாம். எங்களோடு வந்தால் ஜெலிமீன் இல்லை. மீன் தொப்பிக்காரி குனிந்து, “இவரை உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. பலெர்மோத் தெருப் பிள்ளைகளின் இழுவையோடு, “மாய் விஸ்தோ,” என்றது.

ஒருநாளும் கண்டதில்லையாம்!

“அடியேய்!” என்று கத்தினேன். அதுதான் பிழையாகிவிட்டது. சட்டை இல்லாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட, விளங்காத மொழியில் கத்துகிற மீசைக்காரனைக் கண்டு மற்றப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். கதவளவு காவலாளி ஒருவர் வந்து எனக்கும் கூடாரத்துக்கும் நடுவில் நின்றார்.

“புட்டு,” என்றேன். அவளுக்குப் புட்டு விருப்பம். மீன் தொப்பி இல்லையென்று ஆடியது. “இடியப்பம். அந்தோனியார். ஜெசிந்தா!”

“ஐயா, இது லொத்தர் இல்லை,” என்றார் காவலாளி.

“பொலிஸ் கந்தோரில், கெஸ்தூராவில், விசாவுக்கு எடுத்த என் கைரேகையே இருக்கிறது!”

“இருக்கலாம். எங்களிடம் சொல்தான் இருக்கிறது.”

இதற்கு மேல் யார்தான் பொறுப்பார்கள்? நான் நியாயம் கேட்கக் கேட்க, மீன் தொப்பிக்காரி ஒலிபெருக்கியை எடுத்தாள். “அனீற்றாவின் தாயார் உடனே மினி கிளப்புக்கு வரவும். தகப்பன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நிற்கிறார்.”

சொல்லிக்கொண்டு! கடலில் நின்றவர்கள்கூடக் கரையேறி என்னைப் பார்க்க வந்தார்கள்.

ஜெசிந்தா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துப் புறப்பட்டுப் போனது. “பிள்ளைக்கு என்ன நடந்தது?”

“பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. எனக்குத்தான் நடந்தது! அந்தச் சொல்லைச் சொல்லு!”

அவள் என்னையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “காதுக்குள்ளை சொல்லுறன், விடுங்கோ.”

“ஏன் காதுக்குள்ளை? எல்லாருக்கும் கேக்கச் சொல்லு!”

சொன்னாள். “பெந்தோலா அ பிரெஸ்சியோனே.”

பிறெஷர் குக்கர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முகம் சிவந்து, மூக்கால் காற்று விட்டுக்கொண்டு நின்றேன். முதலில் சிரித்தவர் காவலாளிதான். கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாயும் மகளும் எனக்குப் பின்னால் என்னை அப்படித்தான் சொல்வார்களாம். அதுவரை எனக்கு அது தெரியாது.

“நான் எப்ப கத்தினனான்?” என்று கத்தினேன்.

பஸ் போய்விட்டதால் எங்களை இரவு நிகழ்ச்சிக்கு இருக்க விட்டார்கள். நான் வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டு, முன்வரிசையில் கைதட்டாமல் இருந்தேன். ஆடி முடித்த ஜெலிமீன் நேரே என்னிடம் ஓடி வந்தது. “எப்பிடியப்பா?”

“பிள்ளை, நீர் ஆர்? நான் உம்மை ஒருநாளும் கண்டதில்லையே,” என்றேன்.

அவள் உதடு நடுங்கியது. என் வீறாப்பு அந்த இடத்திலேயே முடிந்தது. பகேரியா ரயில் நிலையத்துக்குக் காவலாளி தன் காரில் கொண்டுபோய் இறக்கும்வரை, கடதாசி வால்கள் கழுத்தைச் சுற்றியிருக்க, அவள் என் மடியில் நித்திரை கொண்டாள். இறங்கும்போது அவர் மரியாதையாக, “நல்லிரவு, குக்கர் ஐயா,” என்றார்.

அனீற்றா இப்போது வேலைக்குப் போகிறாள். நான் குரலை உயர்த்தினால் ஜெசிந்தா குசினியிலிருந்து, “ஒரு விசில்!” என்பாள். அடுத்ததற்கு மகள் வந்து யன்னலைத் திறந்துவிடுவாள். அது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன ஞாயிறு பூசையில், எனக்கென்று பிடித்துவைத்த கதிரையில் இருந்தவரிடம் நான் கொஞ்சம் விளக்கமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு மனிசி என் முதுகைத் தட்டி, “அண்ணை, மூண்டு விசில் வந்திட்டுது. இனி இறக்கலாம்,” என்றா.