எர்த் குடுத்தீங்களா தம்பி?

டெக்ஸாஸுக்கு வந்து சேர்ந்த தமிழர்களிலேயே, எதிரில் வருகிற ஆளிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்காமல் “எர்த் குடுத்தீங்களா?” என்று கேட்கிற ஒரே பிறவி எங்கள் எர்த் அக்காதான். இன்னொருத்தர் இருப்பதாக யாராவது நிரூபித்தால் நான் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். அக்கா ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். ஆனால் அவர் கைப்பையைத் திறந்தால் ஒரு மாத்திரை கிடைக்காது. மல்டிமீட்டர், உப்புத்தாள், இரண்டு ஸ்பேனர், அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு இன்சுலேஷன் டேப். அவருடைய நிஜப்பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கலாம். எனக்குத் தெரிந்து அவர் வீட்டுக்காரரே போனை எடுத்து “எர்த் அக்கா ஹஸ்பண்ட் பேசறனுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு கிரகப்பிரவேசத்தில் ஐயர் அக்னி மூலை எது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் கொலுவுக்குப் போனவர் பொம்மைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. சீரியல் விளக்கு செருகியிருந்த ப்ளக்கை உருவிப் பார்த்துவிட்டு, “ஏனுங், இத்தன சாமிய உக்கார வெச்சுட்டு எர்த்து குடுக்காம விட்டுப்போட்டீங்களே” என்றார். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, புது ப்ளக் மாட்டிய பிறகுதான் சாப்பிட்டார்.

அக்காவிடம் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. “உங்களுக்கு மூளை இருக்குதுங்களா?” என்று கேட்கும்போதுகூட அந்த ‘ங்க’வில் ஒரு டம்ளர் மோர் நீட்டுகிற பதவிசு இருக்கும். வாங்கிக் குடித்த பிறகுதான் திட்டு என்று புரியும்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது வேலை போனதால். விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனால் அறுபது நாள்தான். அதற்குள் இன்னொரு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். ஐம்பத்தோராவது நாள் எனக்கு ஒன்று கிடைத்தது. மேற்கு டெக்ஸாஸில், எட்டு மணி நேர டிரைவ் தள்ளி, ஒரு சோலார் சைட். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. மண் ரோட்டில் பெரிய பெரிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு வண்டியிலும் சிபி ரேடியோ இருந்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். “நான் மூணாவது மைல்ல வரேன், பாத்து வா” என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அதில்தான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் கேட்டில் நின்று, நாலு மைல் தள்ளியிருக்கும் இரண்டாவது கேட்டை ரேடியோவில் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் வேலை. வராவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சிவப்பு நிறத்தில் ஒரு பழைய பிக்அப் டிரக் வாங்கினேன். பழையது என்றாலும் புதுசாகப் பெயின்ட் அடித்து, முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. வீடியோ பார்த்து நானே ஆன்டெனாவையும் மாட்டினேன். ரேடியோவில் ஊர் பேசுவதெல்லாம் கேட்டது. நான் பேசுவது மட்டும் எங்கள் தெரு முனையைத் தாண்டவில்லை. ஹில்கிராஃப்ட் தெருவில் நம்ம ஊர் மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டே புலம்பியபோது, பக்கத்தில் நின்றவர் சொன்னார்: “எர்த் அக்காவைப் பாருங்க சார். அவங்க கார்லயே ஒரு ரேடியோ வச்சுக்கிட்டு, ஃப்ரீவேல போற லாரிக்காரன் அத்தனை பேரையும் நலம் விசாரிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க.”

சனிக்கிழமை காலை அக்கா வந்தார். வணக்கம் கிடையாது, காபி கிடையாது. நேராக டிரக்குக்கு அடியில் படுத்துவிட்டார். புடவையோடு. என் மனைவி கீதா பதறிப் போய்ப் பழைய பெட்ஷீட்டைக் கொண்டு வந்தாள்.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “தம்பி என்னங்க படிச்சிருக்கீங்க?”

“எலக்ட்ரிகல் எஞ்சினியரிங்க்கா. ஆனா பதினஞ்சு வருஷமா சாஃப்ட்வேர்தான்.”

“காலேஜுல எர்த்து பாடத்தன்னிக்கு லீவு போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க. இங்க பாருங். முன்னால கேபினு, பின்னால சாமான் வெக்கற தொட்டி, அடியில பிரேமு. நடுவுல ரப்பரு. மூணும் ஒரே ஊட்டுல இருந்துட்டுப் பேசிக்காத ஓரகத்திங்களாட்ட நிக்குதுங்க. ஆன்டெனாவ தொட்டில மாட்டிப்போட்டீங்க, அதுக்கு எர்த்தே வல்லீங்க.”

மூன்றையும் பட்டையான செம்புப் பின்னல் வயரால் சேர்த்துக் கட்டினார். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. அடுத்து வெளியே வந்து, ஆன்டெனா கம்பி நிற்கிற இரும்புத் தாங்கியைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளை எடுத்து என் சிவப்புப் பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“ஐயோ அக்கா! பெயின்ட்டு!”

“பெயின்ட்டு கரன்ட்டக் கடத்துமுங்களா?”

“கடத்தாதுக்கா, ஆனா…”

“அப்ப சித்த அக்கட்ட போய் நில்லுங்.”

போல்ட் போகிற ஓட்டையைச் சுற்றிப் பழைய எட்டணா அகலத்துக்குப் பளபளவென்று இரும்பு தெரிந்தது. எனக்குப் பல் கூசியது. நான் சோபாவில் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத பரம்பரையில் வந்தவன். டிவி ரிமோட்டுக்கு இன்னும் பாலிதீன் பையோடுதான் வாழ்வு.

பிறகு எங்களை ஆள் நடமாட்டமில்லாத ஒரு பெரிய பார்க்கிங் லாட்டுக்குக் கூட்டிப் போனார். ஆன்டெனா பக்கத்தில் சுவரோ மனுஷனோ இருந்தால் அளவு மாறிவிடுமாம். என்னையும் கீதாவையும் நாற்பதடி தள்ளி ஒரு விளக்குக் கம்பத்துக்கு அடியில் நிறுத்திவிட்டார். அவரிடம் ஒரு மீட்டர் இருந்தது. நாம் பேசுவதில் எவ்வளவு காற்றில் போகாமல் திரும்பி வந்து ரேடியோவையே உதைக்கிறது என்று அது காட்டும். முள் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் உத்தமம். மூன்றைத் தாண்டினால் ரேடியோ பிழைக்காது. ஒன்றாம் சேனல், நாற்பதாம் சேனல் என்று மாற்றி மாற்றி அளந்தார். “நாப்பதுல ஜாஸ்தி காட்டுது. கம்பி நீளமுங்க” என்று உச்சியில் ஒரு திருகு, அரை அங்குலம் கீழே. டிரக் கதவைச் சாத்தி மறுபடி அளப்பு. பதினோரு தடவை. வெயிலில் கீதாவின் முகம் தக்காளியாகிவிட்டது. கடைசியில் முள் ஒன்றரைக்கும் கீழே வந்து நின்றது. என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். ஃப்ரீவேயில் ஆறு மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் என் குரலைக் கேட்டுத் தெளிவாகப் பதில் சொன்னார். கீதா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நான் சும்மா இருந்திருந்தால்.

அன்று சாயங்காலம் டிரக்கைத் துடைக்கும்போது அந்தச் சுரண்டிய இடம் ஞாபகம் வந்தது. மழை பட்டால் துருப்பிடிக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்குள் போனேன். கீதாவின் நெயில் பாலிஷ் அச்சு அசலாக அதே சிவப்பு. தாங்கியைக் கழற்றி, சுரண்டின இடம், ஓட்டையின் உள்பக்கம், போல்ட்டின் மரை என்று ஒன்று விடாமல் பூசினேன். காயவைத்து இன்னொரு கோட். மாட்டி முடித்துவிட்டு, வேலை என்றால் இதுதான் வேலை என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புகிற நேரம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கீதா கற்பூரம் காட்டியாயிற்று. எர்த் அக்கா புளிசாத டப்பாவோடு வந்து நின்றார்.

“வழிக்கு வெச்சுக்கோங்க. எதுக்கும் ஒருக்கா அளந்து பாத்துரலாமுங்.”

மீட்டரை மாட்டிப் பட்டனை அழுத்தினார். முள் எகிறிக் கடைசியில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. ஆன்டெனா வயரைப் பார்த்தார். பின்னல் வயரை இழுத்துப் பார்த்தார். மறுபடி அடியில் படுத்தார். இருபது நிமிஷம் வெளியே வரவில்லை. காரணம் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாயைத்தான் திறக்க முடியவில்லை. எலக்ட்ரிகல் எஞ்சினியர், சார்!

அக்கா எழுந்து, கரியான கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “என்ற கையில இப்பிடி ஆனதே இல்லீங்க தம்பி. உங்க பொழப்பு இதுல நிக்குது. நாந்தான் எங்கியோ கோட்ட விட்டுட்டனுங்க.” கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை.

“அக்கா… நேத்து சாயங்காலம் நான் ஒரு சின்ன டச்-அப் பண்ணேன்.”

“எங்கீங்க?”

“நீங்க சுரண்டின இடத்துல.”

“எதுலீங்க?”

“நெயில் பாலிஷ்ல.”

அக்கா என்னைப் பார்த்தார். கீதா என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய்கூட நின்று பார்த்தது.

“எத்தன கோட்டுங்க?”

“ரெண்டுக்கா.”

“அட கெரகமே!” என்றவர் அப்படியே டிரக்கில் சாய்ந்துகொண்டு சிரித்தார் பாருங்கள், புளிசாத டப்பா கையிலிருந்து நழுவப் பார்த்தது. “கவர்மென்டு டிகிரி குடுத்து அனுப்பிச்சிருக்குதுங்க! கீதா கண்ணு, ரிமூவர் வெச்சிருப்பியல்லோ, எடுத்துட்டு வா சாமி.”

நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சுமாக அக்கா அந்த இரும்பைத் துடைத்ததைப் பார்க்க வேண்டுமே. கல்யாணப் பொண்ணு கையைக்கூட யாரும் அப்படிப் பக்குவமாகத் துடைக்க மாட்டார்கள். இறுக்கி முடித்து, தாங்கியைச் சுற்றி வெளியே கிரீஸ் தடவினார். “துருவுக்குப் பயந்தீங்கன்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்லோங்க.” முள் பழையபடி இறங்கி நின்றது. அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. அது எனக்குத் திட்டைவிட உறைத்தது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முதல் கேட்டில் மைக்கை எடுத்தேன். கூப்பிட்டேன். இரண்டு விநாடி வெறும் இரைச்சல். அந்த இரண்டு விநாடியில் நான் மனசுக்குள் பெட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டேன். அப்புறம் இரண்டாவது கேட்டிலிருந்து குரல் வந்தது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவது போல. காவலாளி சங்கிலியை இறக்கினார். உள்ளே போய் வண்டியை ஓரங்கட்டி, புளிசாத டப்பாவில் மிச்சமிருந்ததைத் தின்றேன். சொல்ல வெட்கமில்லை, அழுதுகொண்டேதான் தின்றேன். நாங்கள் இன்றைக்கு இந்த ஊரில் இருக்கிறோம் என்றால் அது அந்த எட்டணா அகல இரும்பால்தான்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்புகிற நேரத்துக்கு அக்கா தன் காரில் போய் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுவிடுவார். போனில் பேசலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “போனுல ஆரு வேணும்னாலும் பேசுவாங்க” என்றுவிட்டார். நான் ஃப்ரீவேயில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்: “கேக்குதுங்களா தம்பி?”

“கேக்குதுக்கா.”

ஐந்தாறு மைல் தாண்டினதும் குரல் தேய ஆரம்பிக்கும். அப்புறம் இரைச்சலுக்கு நடுவில் ஒரு ‘தம்பி’ மட்டும் வரும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். நான் மைக்கை எடுத்து, “நல்லா கேக்குதுக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பேன்.