மாப்பிள்ளையை விசாரித்த வகையில்

முகாம் சமையலறை,
நாகலூர்.

இயேசுவில் பிரியமுள்ள மச்சான் ஆண்டனி ராஜ் அவர்களுக்கு, மனுவேல் எழுதுவது. இங்கே என் முழங்கால்கள் நீங்கலாக யாவும் நலம். அடிவாரத்தில் தாங்களும் குடும்பமும் முழங்கால் உட்பட நலமாயிருக்க ஜெபிக்கிறேன். இந்தப் பிள்ளைகள் கோடை முகாமில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அதுவே சந்தேகம். அதனால்தான் கடிதம்.

நம் பிரிஸ்கில்லாவுக்குப் பார்த்திருக்கும் பையன் ஜெப்சனை விசாரித்து வருகிறேன் என்றேன் அல்லவா? பி.இ. படித்தவன் கோடை முழுக்க சென்னைப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு திரிகிறான் என்றால், அதில் ஏதோ இருக்கிறது. வெளியே நின்று கேட்டால் உண்மை வராது என்று, வெங்கடாசலம் எனப் பெயர் சொல்லி இங்கேயே சமையல் ஒத்தாசைக்குச் சேர்ந்துவிட்டேன். முதல் நாளே சாப்பாட்டுக்கு முன் கை தானாகச் சிலுவை போட்டுவிட்டது. நெற்றியைச் சொறிவதுபோல் சமாளித்தேன்.

பையனுக்குக் கோபமே வருவதில்லை மச்சான். இது நல்லதற்கில்லை. சோதித்துப் பார்க்க அவன் சாம்பாரில் மட்டும் ஒரு பிடி உப்பைப் போட்டேன். "நல்லா இருக்குதுங்க, கொஞ்சம் தண்ணி மட்டும் கொடுங்க" என்கிறான். இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறவன் நாளைக்கு நம் பெண்ணிடம் என்னதான் சொல்லமாட்டான்? அவன் பாட்டிலை மோந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. நேற்று பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி காபித் தோட்டத்தில் நடக்கவிட்டான். கேட்டால், நம்பிக்கை வளருமாம். கண்ணைத் திறந்துகொண்டே யாரையும் நம்பமுடியாத காலத்தில்!

இன்று காலை அவர்கள் கையில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து, "நீங்களே வழி கண்டுபுடிச்சு வாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மறைந்தான். யாரைப் பார்க்கப் போகிறான் என்று பின்னாலேயே போனேன். ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டு நகர்ந்ததில் எனக்கு வழி தவறிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக ஆயுசில் பாதியைக் கழித்தவன், ஒரே மிளகுக் கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஷீனா என்ற சின்னப் பெண் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க தாத்தா" என்று கூட்டிவந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். வழி கண்டுபிடித்து வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பேட்ஜ் ஒன்றை ஜெப்சன் என் சட்டையிலும் குத்திவிட்டான். மானம் போய்விட்டது.

மனசு ஆறாமல், சமையல் பார்க்கும் ஜெயமேரியிடம் வெங்காயம் உரித்தபடி கொட்டித் தீர்த்தேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், கோபம் வந்தால் தட்டு பறக்கும், அவளை எவனை நம்பிக் கொடுப்பது என்றெல்லாம். "அப்படீங்களா! அப்பறமுங்ணா?" என்று பொறுமையாகக் கேட்டார். இங்கே கள்ளமில்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்ததும் பதில் கேட்பார்கள். பிரிஸ்கில்லாவுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது, அழுவாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தாய்மாமன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாதா தங்கள் குடும்பத்தைக் கண்ணின் மணிபோல் காப்பாளாக.

அன்பு அத்தான்,
மனுவேல்

பி.கு.: கடிதத்தை பஸ் கண்டக்டரிடம் கொடுக்கக் கிளம்பும்போது ஜெயமேரி, "யாருக்குங்க லெட்டரு, மனுவேலண்ணா?" என்றார். வெங்கடாசலம் என்றல்லவா பெயர் கொடுத்திருந்தேன்! ஜெப்சனின் சொந்த அத்தையாம்! நீங்கள் அனுப்பிய குடும்பப் போட்டோவைப் பார்த்திருந்ததால் முதல் நாளே தெரிந்துவிட்டதாம். "பொண்ணுக்குக் கோவம் வந்தா வரட்டுமுங்க. எங்களுக்குப் புள்ளைய நொம்பப் புடிச்சிருக்குதுங்க. அப்பாவைப் பத்தித்தான் நாலு பேர்கிட்ட விசாரிக்கோணும்" என்று சொல்லிவிட்டார். மேலே எழுதியதை அடுப்பில் போடுங்கள். சனிக்கிழமை உங்களிடம்தான் வருகிறார்களாம். நான் யாரையும் சந்தேகப்படுகிற ஆளே இல்லை என்று அடித்துச் சொல்லுங்கள். அதற்கு முன், வருகிறவர்கள் நிஜமாகவே அவர்கள் வீட்டு ஆட்கள்தானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.