தலைவெட்டி நைனா எடுத்த ஊர்வலப் படம்

கொருக்குப்பேட்டையில் தலை இல்லாமல் போட்டோவில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் காரணம் ஒரே ஆள்தான். தலைவெட்டி நைனா. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இப்படியொரு பெயர் வாங்கிய மனிதர் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய டப்பா கேமரா எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலிருந்து பார்த்து எடுக்க வேண்டும். அதுவரை சரியாகத்தான் செய்வார். விசையைத் தட்டும் நேரத்தில் கண்ணை மூடி, "அம்மா தாயே" என்று அங்காளம்மனுக்குத் தலைகுனிந்து ஒரு கும்பிடு போடுவார். அவரோடு சேர்ந்து கேமராவும் குனியும். வேட்டி, செருப்பு, தரை எல்லாம் அற்புதமாக விழும். கழுத்துக்கு மேலே யாருக்கும் ஒன்றும் இருக்காது.

"கும்புடாம எடேன் நைனா" என்று கெஞ்சிப் பார்த்தோம்.

"சாமி கும்புடாம எடுத்தா பிலிம்ல ஒண்ணுமே வுழாதுபா. இப்ப பாதியாச்சும் வுழுதுல்ல?" என்பார்.

ஐம்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த தகர டப்பா கம்பெனியில், குடிக்கத் தண்ணீர்க் குழாய் கேட்டு ஊர்வலம் போனோம். முன்னால் கொடி பிடித்தவன் என் தோஸ்து கோவிந்தன். நைனாவும் கடையைப் பூட்டிவிட்டுக் கேமராவோடு வந்துவிட்டார். கம்பெனி கேட் முன்னால் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, நாங்கள் கலையப் போகும் நேரத்தில், நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு மறித்தார்.

"அல்லாரும் குந்துங்கபா. நின்னா தல பூடும். அப்பால என்னைத் திட்டக் கூடாது."

கோஷம் போட வந்த கூட்டம் கல்யாண வீட்டுக் கூட்டமாகிவிட்டது. தலையை வாரிக்கொண்டு, பேனரை மடியில் விரித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தோம். கேட் வாட்ச்மேன் எட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, அங்க நின்னு பாத்துகினு கீற? நீயும் வா" என்று நைனா அவரையும் இழுத்து வந்து கோவிந்தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்ணை மூடினார். கும்பிட்டார். தட்டினார்.

மறுநாளே கோவிந்தனுக்கு வேலை போயிற்று. கம்பெனி சொன்ன காரணம் இது: ஊர்வலம் வந்து சேர்ந்த உடனே வாட்ச்மேனை அடித்துக் கையை உடைத்தானாம், அவர் அங்கேயே மயங்கி விழுந்தாராம். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். கைக்குழந்தையோடு அவன் பெண்டாட்டி எங்கே போவாள்? ஊர்வலம் போன எங்கள் பேச்சை மேனேஜர் நம்பவில்லை. இருந்த ஒரே சாட்சி நைனாவின் பிலிம்தான். அதில் தலைகள் விழுந்திருக்க வேண்டுமே!

நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. படம் கழுவி வரும்வரை, கடைக்கு வந்த சைக்கிளுக்கெல்லாம் ஏதோ நினைப்பில் காற்றடித்து டியூபை வெடிக்க வைத்தார்.

படம் வந்தது. வானம் இல்லை, கேட்டின் மேல்பாதி இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தலை இருந்தது. மயங்கி விழுந்த வாட்ச்மேன் கோவிந்தன் தோளில் கை போட்டு, பேனருக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விசாரணையில் மேனேஜர் மேஜைமேல் நைனாவே அதைக் கொண்டுபோய் வைத்தார். கையில் பெரிய கட்டோடு நின்ற வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பாவம், பிறந்ததிலிருந்து அவர் பிடித்துக்கொண்ட முதல் போட்டோ. கட்டுப்போட்ட கையாலேயே படத்தை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"ஷோக்கா கீது நைனா. என் வூட்டுக்கும் ஒண்ணு குடேன்."

மேனேஜர் பைலை மூடிவிட்டார். கோவிந்தன் வேலைக்குத் திரும்பினான். குழாய் வர இன்னும் இரண்டு ஊர்வலம் பிடித்தது, அது வேறு விஷயம்.

என் கல்யாணத்துக்கு ராயபுரத்திலிருந்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடலாம் என்றார்கள் வீட்டில். நைனாதான் எடுக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். படத்துக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன். பூரிப்பில் உட்கார மறந்து போயிற்று.

அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. மாலை இருக்கிறது, பட்டு வேட்டி இருக்கிறது, பக்கத்தில் மனைவியும் கழுத்து வரை இருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் இது யார் என்று கேட்பார்கள். எடுத்தவர் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.