டிஸ்க்குக்கு எண்ணெய்க்காப்பு

2024ஆம் ஆண்டு யூன் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சண்டிலிப்பாயில் ஒரு தோட்டத்து ஒழுங்கை நிறையக் கார்களும் ஓட்டோக்களும் வரிசைகட்டி நின்றன. ஒழுங்கையின் முடிவில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முகப்பில் ஒரு பலகை: ‘வாகணப் பேய் ஓட்டப்படும்.’ வாகனத்துக்கு எந்த னகரம் என்று அறியாத சக்கரச்சாமி, வாகனத்தில் ஏறிய ஆவியை மட்டும் ஊர் பேரோடு அறிவாராம். சனம் நம்பியது. எழுத்துப்பிழையைக் கண்டு அஞ்சும் பழக்கம் நம்மவரிடம் இல்லை.

இணுவில் கஜீபனும் தன் சிவப்புப் பந்தயக் காரோடு வரிசையில் நின்றான். அருகில் மனைவி உதயகலா. முந்திய வாரந்தான் பழைய பிரேக்கைக் கழற்றி, அகன்ற டிஸ்க்குகளும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் பந்தயத்துக்குரிய பேட்களும் பூட்டுவித்திருந்தான். விரைந்து ஓடும் கார் விரைந்து நிற்கவும் வேண்டும் என்பது நல்ல எண்ணமே. ஆனால் புதிய பேட்கள் காலைக் குளிரில் கீச்சிட்டன. சூடேறும்வரை அப்படித்தான் கத்தும் என்று கராஜ்காரர் சொல்லியே அனுப்பியிருந்தார். அதை அவன் நம்பவில்லை. “பேய் பிடிச்சிருக்கு” என்று அயல்வீட்டுச் சின்னத்தங்கம் சொன்னதை உடனே நம்பினான்.

பிரேக்கும் பிடிக்கும், பேயும் பிடிக்கும். வினைச்சொல் ஒன்றுதான். எழுவாயை மாற்றினால் ஒருவருக்குப் பிழைப்பாகிறது.

உதயகலாவை வருத்தியது ஒன்றே: மறுநாள் காலை மகள் இதே காரில்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

அவர்கள் முறை வந்ததும், “இஞ்சேருங்கோ, உவர் என்ன செய்யிறார் எண்டு பாத்தியளே?” என்றாள்.

“நீர் சும்மா இரும். சாமி காப்புச் சாத்துறார்.”

கும்பாபிசேகத்தில் மூலமூர்த்திக்குச் சாத்தும் எண்ணெய்க்காப்பைச் சாமி டிஸ்க்குக்குச் சாத்தினார். சக்கரத்தின் இடைவெளியால் செம்பிலிருந்த நல்லெண்ணெய் தாராளமாக வழிந்தது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அருள்.

“இப்ப ஓடிப் பாரும் தம்பி.”

கஜீபன் மெல்ல ஓட்டிச் சென்று பிரேக்கை மிதித்தான். கீச்சென்ற ஒலி இல்லை.

“கேட்டியளே, மூச்சுக் காட்டேல்லை” என்றார் ஓர் ஓட்டோக்காரர்.

கார் நிற்கவும் இல்லை. அமைதியாக, அருள்பெற்ற நிதானத்தோடு உருண்டுபோய்க் கிடுகுவேலியில் முட்டியது.

“பயப்பிடாதேங்கோ,” என்றார் சாமி. “போற பேய் கடைசியா ஒரு தள்ளுத் தள்ளிப்போட்டுத்தான் போகும். இன்னும் இரண்டு காப்புச் சாத்தவேணும்.”

கார் வேலியில் முட்டியதைக் கண்ட சனமும் ஆமென்று தலையை ஆட்டியது. கஜீபனோ அதற்கும் காசு போட உண்டியலை நோக்கி நடந்தான்.

உதயகலா செம்பைக் கையில் எடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் சாமியின் வெள்ளை வான் நின்றது. நேரே அதன் முன்சக்கரத்தடியில் போய்க் குந்தினாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?”

“ஊரிலையுள்ள பேயெல்லாம் கலைக்கிறியள் சாமி. அதுகள் உங்கடை வானிலை ஏறாமல் ஒரு காப்புச் சாத்திவிடுவம்.” செம்பைச் சரித்தாள்.

சாமி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். “விடாதை பிள்ளை, எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.”

வரிசையில் நின்றவர்கள் வானைச் சுற்றி நெருங்கினர்.

“திரும்பச் சொல்லுங்கோ சாமி,” என்றாள் உதயகலா. “பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லையாம்.”

சாமி செம்பைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கத்தரிப் பாத்திகளுக்கு நடுவே ஓடினார்.

“அப்ப பிரேக்கைக் கெடுத்தது உவர்தானோ?” என்று கஜீபன் கேட்டான்.

“ஓம். பேயிலை பழியைப் போடாதேங்கோ, பாவம்.”

அன்று தீர்மானிக்கப்பட்டவை வருமாறு: கஜீபனின் கார் லொறியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுசெல்லப்படும். எண்ணெய் ஊறிய பேட்கள் எறியப்பட்டுப் புதியவை பூட்டப்படும். டிஸ்க்குகள் கழுவித் துடைக்கப்படும். அதுவரை மகள் ஓட்டோவில் போவாள். முன்னர் காப்புச் சாத்துவித்தவர்கள் அனைவருக்கும், வாகனத்தை எடுக்கவேண்டாம் என்று அன்றே அறிவிக்கப்படும். இனிக் கார் கத்தினால் கஜீபன் முதலில் கராஜ்காரரைக் கேட்பான், பிறகு தன் மூளையைக் கேட்பான், சின்னத்தங்கத்தைக் கேட்கமாட்டான். ஏனையோரும் இவ்வொழுங்கைக் கைக்கொள்ளலாம். மூளையின் வாசலில் வரிசையும் இல்லை, உண்டியலும் இல்லை.